எரியாத விளக்கும் ஒரு பழைய தொலையியக்கியும்



வழக்கமாகப் பாடத்திட்டம், பயிற்றுமுறை, மாணவர் வருகை என்று எழுதி வருபவள் நான். இம்முறை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதப் போகிறேன். இடையிடையே ஆண்டு 4 அறிவியலும் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடமும் வந்து எட்டிப் பார்க்கும். ஆதலால் ஆசிரியர்கள் பாதியிலேயே எழுந்து போய்விட வேண்டாம்! தொலையியக்கி என்று நான் எழுதுவது, நம் வீட்டில் எல்லாரும் ‘ரிமோட்’ என்று சொல்லும் அதே பொருள்தான்.

எங்கள் வீடு ஜுருவில் இருக்கிறது. ஜுரு என்றதும் வெளியூர் அன்பர்களுக்கு நெடுஞ்சாலையும், சுட்ட மீனும், கெராங் சிப்பியும் நினைவுக்கு வரும். எனக்கு அது அம்மாவின் ஊர். இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளுமாக மாறிவிட்ட இவ்வட்டாரத்தில், பால்மரத் தோட்டத்து லயன் வீடொன்றில் 1958-இல் பிறந்தவர் அவர். அப்பா மறைந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துபோயின. பேச்சும் குழறியது. மூன்று மாத உடற்பயிற்சிக்குப் பிறகு, சுவரைப் பிடித்தபடி நடக்கும் அளவுக்குத் தேறினார். நாங்களும் சற்று மூச்சு விட்டோம்.

நவம்பரில் ஓர் இரவு, மணி மூன்றிருக்கும். ஏதோ விழுந்த ஓசை கேட்டு ஓடினேன். அம்மா தரையில் கிடந்தார். கட்டில் சன்னலோரம் இருந்தது. விளக்கின் சுவிட்சு கதவோரம். இரண்டுக்கும் நடுவில் ஆறு அடிதான் தூரம். அந்த ஆறு அடியை அவர் இருட்டில் கடக்க முயன்றிருக்கிறார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு மட்டும் வீங்கியிருந்தது.

“ஏம்மா என்னைக் கூப்பிடல?” என்று கேட்டேன்.

“காலையில உனக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, பாப்பா” என்றார்.

அன்று முழுவதும் வகுப்பில் எனக்கு மனம் ஒட்டவே இல்லை. தன் அறையின் விளக்கை ஏற்றுவதற்கு ஒருவரை எழுப்ப வேண்டும். எழுப்பக் கூசினால் இருட்டில் விழ வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வழியே இல்லையா?

என் மகன் அப்போது படிவம் 4. கணினியென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். “அம்மா, கவலைப்படாதீங்க. பாட்டி ரூமையே திறன் அறை ஆக்கிடலாம்” என்றான். இரண்டே நாளில் வைஃபை விளக்கு ஒன்று வந்தது. பழைய விளக்கைக் கழற்றிவிட்டு இதைத் திருகினால் போதும். சுவருக்குள் இருக்கும் மின்கம்பியில் கை வைக்க வேண்டியதில்லை. (பெற்றோர்களே, சுவருக்குள் கை வைக்கும் வேலை என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.) பாட்டியின் கைப்பேசியில் செயலியை ஏற்றிக் கொடுத்தான். பேசினால் கேட்கும் சிறு பெட்டி ஒன்றையும் மேசைமேல் வைத்தான்.

எங்கள் திறன் அறை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

கைப்பேசித் திரை அம்மாவின் விரலை மதிக்கவில்லை. முதியவர்களின் விரல்நுனி உலர்ந்திருக்கும்; அம்மாவுக்கோ கை நடுக்கமும் உண்டு. ஒருமுறை தொட்டால் பேசாமல் இருக்கும்; இருமுறை தொட்டால் வேறு எங்கோ போய் நிற்கும். அதற்கும் முன்பாகக் கைப்பேசியைத் தலையணைக்கடியில் தேட வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், செயலியைக் கண்டுபிடிக்க வேண்டும். பேசும் பெட்டியிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. குழறும் பேச்சோடு அம்மா இரண்டு முறை முயன்றார். “மன்னிக்கவும், புரியவில்லை” என்று அது ஆங்கிலத்தில் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் முறை முயலவில்லை. ஏற்கனவே தம் பேச்சைக் குறித்துக் கூசிக்கொண்டிருப்பவரிடம் ஓர் இயந்திரமும் அதையே சொன்னால் எப்படியிருக்கும்?

பிறகு ஒருநாள் பெருமழையில் இணையத் தொடர்பு அறுந்தது. அன்றிரவு விளக்கு எரியவில்லை. இரண்டு மீட்டர் தொலைவில் இருக்கும் விளக்குக்கு இடப்பட்ட கட்டளை, கடல்கடந்து எங்கோ இருக்கும் வழங்கிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொடுக்கக் கோலாலம்பூர் சென்று வருவது போன்ற ஏற்பாடு! அன்று நான் அம்மாவின் அறையிலேயே பாய் விரித்துப் படுத்தேன்.

மறுநாள் மாலை, அம்மா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். தொடர் முடிந்து விளம்பரம் வந்தது. இடக்கையால் தொலையியக்கியை எடுத்தார். கண் திரையை விட்டு நகரவில்லை. கட்டைவிரல் தானாக நகர்ந்து ஒலியைக் குறைத்தது, அலைவரிசையை மாற்றியது, மீண்டும் பழைய இடத்துக்கு வந்தது. நடுக்கம் இருந்தது, தவறு இல்லை. பெரும்பாலான தொலையியக்கிகளில் 5-ஆம் எண் பொத்தானின் மேல் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். விரல் அதைத் தொட்டதும் மற்ற எண்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். அம்மாவின் விரல் அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்துவிட்டே நகர்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல் பருவத்திலேயே நமக்குச் சொல்லித் தந்ததுதானே: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு. இருபது ஆண்டுகளாக மாணவர்களிடம் அதைக் கடைப்பிடிக்கும் நான், சொந்த வீட்டில் அம்மாவிடம் தெரியாததைத் திணித்துவிட்டு, அவருக்கு வரவில்லை என்று சலித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மகனிடம் கேட்டேன்: “தம்பி, இந்த ரிமோட்டால அந்த விளக்கு எரியுமா?”

அவன் சற்று யோசித்தான். “எரியும்மா. ஆனா ரிமோட் பேசுறதைக் கேட்க வீட்டுக்கு ஒரு காது வேணும்” என்றான்.

தொலைக்காட்சியில் பயன்படுத்தும் தொலையியக்கியையே இதற்கும் வைத்தால், விளக்கை ஏற்றும்போது அலைவரிசையும் மாறிவிடும். ஆகவே உரிமையாளர் இல்லாத தொலையியக்கி ஒன்று தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் அது இருந்தது. 2019-இல் நம் நாட்டில் பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டு இலக்கமுறை மட்டுமே என்றானபோது, எங்கள் பெட்டித் தொலைக்காட்சியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டோம். தொலையியக்கியைக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. நெகிழிப் பையில் சுற்றி, இரப்பர் வளையம் போட்டு, அலமாரியில் வைத்திருந்தார். வாங்கிய நாள்முதல் அந்த உறையைக் கழற்றாமலேயே பயன்படுத்திய தொலையியக்கி அது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

இனி, காது எப்படிக் கேட்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

தொலையியக்கியின் முனையில் உள்ள சிறு எல்.இ.டி. விளக்கு அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. நம் கண்ணுக்கு ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளம் வரையில்தான் தெரியும். இந்த விளக்குகள் பெரும்பாலும் 940 நானோமீட்டரை ஒட்டியவை. சிக்கல் என்னவென்றால், சூரியனும் அகச்சிவப்பை அள்ளி வீசுகிறது. சூடான பழைய குமிழ் விளக்கும் வீசுகிறது. 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக யூஜின் போலி என்பவர் வடிவமைத்த ‘ஃபிளாஷ்மேட்டிக்’ என்னும் கம்பியில்லாத் தொலையியக்கி, சாதாரண ஒளிக்கற்றையைத் தொலைக்காட்சியின் மூலைகளில் பாய்ச்சி வேலை செய்தது. வெயில் பட்டாலும் அலைவரிசை மாறியதாம்! அதனால் மறு ஆண்டே ராபர்ட் ஆட்லர் மீயொலியைக் கொண்டு வேறொன்றைச் செய்தார். பொத்தானை அழுத்தினால் உள்ளே சிறு சுத்தியல் ஓர் அலுமினியத் தண்டைத் தட்டும்; மின்கலமே தேவையில்லை. அகச்சிவப்பு இவற்றின் இடத்தைப் பிடித்தது 1980-களை ஒட்டித்தான்.

வெயிலின் சிக்கலை அது எப்படித் தீர்த்தது? ஒளியைச் சும்மா பாய்ச்சாமல், விநாடிக்கு 36,000 அல்லது 38,000 முறை என்ற கணக்கில் சிமிட்டுகிறது. பெறும் கருவி அந்தத் தாளத்தில் சிமிட்டும் ஒளியை மட்டுமே பொருட்படுத்தும். ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் எத்தனை இரைச்சல் இருந்தாலும், உடற்கல்வி ஆசிரியரின் ஊதல் மட்டும் தனியே கேட்கிறதல்லவா? அதைப் போன்றதுதான். அந்தத் தாளத்தை விட்டுவிட்டு ஒலிக்கச் செய்வதால் 0, 1 என்னும் எண்கள் உருவாகின்றன. அந்த எண்கள் சேர்ந்து ‘இந்தப் பொத்தான்’ என்று சொல்கின்றன. தொலையியக்கி என்பது கையில் பிடித்த ஒரு தந்திக் கருவி.

மகன் வாங்கி வந்தவை இவை: இ.எஸ்.பி. 8266 என்னும் சிறிய வைஃபை நுண்கட்டுப்படுத்தி ஒன்று, மூன்று கால்கள் கொண்ட அகச்சிவப்புப் பெறுவி ஒன்று, அகச்சிவப்பு எல்.இ.டி. நான்கு, கொஞ்சம் கம்பி. எல்லாம் சேர்த்து முப்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. இவற்றின் மூளையாக, அவன் முன்பே வைத்திருந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் ‘ஹோம் அசிஸ்டண்ட்’ என்னும் மென்பொருளை நிறுவினான். 2013-இல் பாவ்லுஸ் ஸ்கவுட்சன் என்பவர் தொடங்கிய திறந்தமூல மென்பொருள் அது; காசு கட்ட வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது வேறொன்று. கட்டளைகள் வீட்டுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகின்றன. வீட்டுக்குள்ளேயே பேசும் வகை விளக்காகவும் பார்த்து மாற்றினோம். இனி மழை பெய்து இணையம் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்!

அம்மா கட்டிலில் அமர்ந்தபடி ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். கணினித் திரையில் ஒவ்வோர் எண்ணாக வந்து விழுந்தது. “பாட்டி, இது ஃபிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.5 முறை” என்றான் மகன் உற்சாகமாக. அம்மா தலையாட்டினார்.

முதலில் தொலையியக்கியின் கட்டளை சில நேரம் வந்தது. சில நேரம் வரவில்லை. ஆர்.சி.5 முறையின் தாளம் 36,000. நாங்கள் வாங்கிய பெறுவி 38,000-க்கு உரியது. கேட்கும், ஆனால் தெளிவு குறையும். 36,000-க்குரிய பெறுவியை வாங்கி மாற்றியதும் அறையின் எந்த மூலையிலிருந்து அழுத்தினாலும் கேட்டது. நெகிழிப் பை அப்படியே இருந்தது. அதைப் பற்றி அகச்சிவப்புக்குக் கவலையில்லை.

அடுத்து வந்தது மின்விசிறி. அம்மாவின் அறையில் இருப்பது தனக்கென்று ஒரு தொலையியக்கியுடன் வந்த கூரை விசிறி. அதை இயக்க, எங்கள் கருவிக்குக் காது மட்டும் போதாது, வாயும் வேண்டும். விசிறியின் தொலையியக்கி பேசுவதைப் பதிவு செய்துகொண்டு, பிறகு அதே போல எல்.இ.டி. விளக்கின் வழியாகப் பேச வேண்டும். மகன் இரண்டு மாலைப் பொழுதுகள் முயன்றான். விசிறி அசையவில்லை. நிரலைத் திருத்தினான், கம்பியை மாற்றினான். முகம் வாடிப்போயிற்று.

அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டினார். “அதக் கொண்டா இங்க.”

எல்.இ.டி.யை வாங்கி, இடக்கையின் இரு விரல்களால் உருட்டிப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் அடிவிளிம்பில் ஓரிடம் தட்டையாக இருப்பதை நகத்தால் தொட்டுக் காட்டினார். “இது மைனஸ் பக்கம். நீ கால வெட்டிட்ட, அதான் நெட்டையா குட்டையான்னு தெரியல. திருப்பி மாட்டியிருக்க.”

திருப்பி மாட்டினான். விசிறி சுழன்றது.

எனக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் அம்மா எங்கே வேலைக்குப் போனார் என்பது எனக்குத் தெரியும். என்ன செய்தார் என்பதை நான் கேட்டதே இல்லை.

பினாங்கு அன்பர்களுக்குப் பழைய செய்திதான்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1969-இல் முதலமைச்சரான துன் லிம் சோங் இயூ காலத்தில், பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வணிக மண்டலம் திறக்கப்பட்டது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வார்கள். இண்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ், நேஷனல் செமிகண்டக்டர் ஆகியவை அவை. இவற்றுள் லிட்ரோனிக்ஸ் எல்.இ.டி. செய்வதையே தொழிலாகக் கொண்டது. அது கைமாறிக் கைமாறிப் பின்னாளில் ஆஸ்ராம் என்றானது. ஹியூலட் பேக்கார்டும் எல்.இ.டி. செய்தது. இப்படி இந்தத் தீவு எல்.இ.டி.க்குப் பேர்போன இடமாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளும் கம்பத்துப் பிள்ளைகளும் பல்லாயிரக்கணக்கில் ஆலை வேலைக்குப் போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

படிவம் 3 வரை படித்த அம்மா 1976-இல் அங்கு ஓர் ஆலையில் சேர்ந்தார். ஆலையின் பெயர் வேண்டாம். பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது 1985-இல்தான். அதுவரை பட்டர்வொர்த்தில் படகேறி அக்கரை போய், அங்கிருந்து பேருந்து. காலைப் பணிக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும். ஆலையில் நுண்ணோக்கியின் வழியாகப் பார்த்துக்கொண்டே, மணல் துகள் அளவுள்ள சில்லின்மேல் தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை. பிறகு சோதனைப் பிரிவு.

“செவப்பு, பச்ச எல்லாம் எரியும். பாக்க அழகா இருக்கும்” என்றார் அம்மா. “ஆனா எங்க லைன்ல ஒரு வகை வரும். அது எரியாது. மீட்டர்ல வெச்சுத்தான் பாக்கணும். முள் ஏறுச்சுன்னா நல்லது, ஏறலைன்னா குப்பை. ‘எரியாத விளக்க எவன் காசு குடுத்து வாங்குவான்’னு நாங்க சிரிப்போம். சூப்பர்வைசர் சொன்னாரு, இது டிவிக்குப் போவுதுன்னு. எங்க வீட்டுல அப்ப டிவியே இல்ல.”

சிறுமியாக இருந்தபோது, “எங்கம்மா எரியாத விளக்கு செய்யுறாங்க” என்று நான் வகுப்பில் சொல்லி, எல்லாரும் சிரித்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன். அப்போதும் அவர் விளக்கிச் சொன்னாரோ என்னவோ! நான் கேட்டிருக்க மாட்டேன். கண் பார்வை மங்கியதால் அவர் 1995-இல் வேலையை விட்டார். நுண்ணோக்கி கொடுத்த பரிசு என்று என் அப்பா சொல்வார்.

மகன் தன் கைப்பேசியின் முன்பக்க ஒளிப்படக்கருவியைத் திறந்து, அதன் முன்னால் தொலையியக்கியைப் பிடித்து அழுத்தினான். திரையில் அந்தச் சிறு முனை வெளிர் ஊதா நிறத்தில் மின்னியது. ஒளிப்படக்கருவியின் உணர்விக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி தெரியும். (பல கைப்பேசிகளில் பின்பக்கக் கருவியில் இதைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும், முன்பக்கக் கருவியை முயன்று பாருங்கள்.) அம்மா கைப்பேசியைத் தம் கண்ணருகே இழுத்துக்கொண்டார். மீண்டும் அழுத்தச் சொன்னார். மீண்டும், மீண்டும்.

“எரியுதே” என்றார்.

அதன் பிறகு எங்கள் வேலையில் மேற்பார்வையாளர் அம்மாதான். மகன் எழுதிய முதல் நிரலில், 1-ஆம் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். மீண்டும் அதையே அழுத்தினால் அணையும். ஆனால் அம்மாவின் விரல் பொத்தானை விட்டு எழுவதற்கு நேரம் பிடிக்கும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஆர்.சி.5 தொலையியக்கி விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பது முறை அதே கட்டளையைத் திருப்பி அனுப்பும். விளக்கு எரிந்து, அணைந்து, எரிந்து, அணைந்தது. மகன் விடவில்லை. அந்த முறையில் அனுப்பப்படும் 14 பிட்டுகளில் ஒன்று, விரல் எடுக்கப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்வதற்கென்றே இருக்கிறதாம். விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் அந்த ஒன்று மாறும். அதைப் படித்துப் புரிந்துகொண்டு நிரலைத் திருத்தத் தொடங்கினான்.

“எதுக்கு அவ்ளோ கஷ்டம்?” என்றார் அம்மா. “ஒன்ன அழுத்துனா எரியட்டும். நால அழுத்துனா அணையட்டும். எங்க மெஷின்ல ஸ்டார்ட்டுக்குப் பச்ச, ஸ்டாப்புக்குச் செவப்பு. ஒரே பட்டன் ரெண்டு வேல செஞ்சா ஆளு கை போயிரும்.”

அவ்வளவுதான்! எத்தனை முறை திரும்ப வந்தாலும் ‘எரி’ என்பது ‘எரி’தான். இருட்டில், அரைத்தூக்கத்தில், முன்பு அழுத்தியது பதிந்ததா இல்லையா என்ற ஐயம் இருந்தாலும், மறுபடி அழுத்துவதால் கெடுதல் இல்லை. 1 விளக்கு எரிய, 4 அணைய. 2 விசிறி சுழல, நேர் கீழே 5 நிற்க என்று மகன் திட்டமிட்டான். அம்மா மறுத்துவிட்டார். 5 புடைப்புள்ள பொத்தான். விரல் முதலில் போய் நிற்கும் இடம். அது என்னை அழைக்கும் மணிக்கு என்றார். விசிறியை நிறுத்த 8 ஆயிற்று. 5-ஐ அழுத்தினால் என் அறையிலும் சமையலறையிலும் மணி ஒலிக்கும்.

குளிரூட்டி மட்டும் எங்களைப் படாத பாடு படுத்தியது. தொலைக்காட்சித் தொலையியக்கி ‘ஒலியைக் கூட்டு’ என்று ஒரு சொல் சொல்லும். குளிரூட்டியின் தொலையியக்கியோ ஒவ்வொரு முறையும் முழுக் கடிதமே எழுதும்: இயங்கு, குளிர்வி, 26 பாகை, காற்று நடுத்தரம், இறக்கை அசையட்டும். ஒரு பொத்தானை அழுத்தினாலும் கடிதம் முழுமையாகப் போகும். அதனால்தான் தொலையியக்கியின் திரையில் ஒன்றும் குளிரூட்டியில் வேறொன்றுமாகச் சில நேரம் நிற்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை. குளிரூட்டி பதில் எழுதுவதில்லை. கணினி ‘இயங்குகிறது’ என்று உறுதியாகச் சொல்லும். அறையில் அம்மா வியர்த்துக் கிடப்பார். அறையில் ஒரு வெப்ப உணர்வியை வைத்தோம். கட்டளை போன கால் மணி நேரத்தில் அறை குளிரத் தொடங்கவில்லையென்றால் மறுபடி அனுப்பும்படி மகன் எழுதினான். இதுவும் முழுமையான தீர்வு அன்று. கதவு திறந்திருந்தால் ஏமாந்துபோகும்.

இன்னொரு தொல்லை என் கணவர்! வைஃபை விளக்குக்குச் சுவர் சுவிட்சு எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அவரோ அறையை விட்டு வெளியேறும்போது பழக்கத்தில் அதை அணைத்துவிடுவார். விளக்கு செத்துப்போகும். சுவிட்சின்மேல் ஒட்டுநாடா ஒட்டினோம். அதையும் பிரித்து அணைத்தார். இப்போது ‘மாமா, தொடாதீங்க’ என்று அம்மாவின் நடுங்கும் இடக்கையெழுத்தில் ஒரு தாள் அங்கே இருக்கிறது. மருமகனை அம்மா அப்படித்தான் அழைப்பார். மின்வெட்டு வந்தால் இவை எதுவும் உதவாது. தலைமாட்டில் ஒரு கைவிளக்கு எப்போதும் இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒன்று. விசிறிக்கும் மற்றவற்றுக்கும் வரும் சிறிய, தட்டையான தொலையியக்கிகளில் காசு வடிவ மின்கலம் இருக்கும். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். அம்மாதிரித் தொலையியக்கிகளை எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கியதாக ஐயம் எழுந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஆசிரியர்களுக்கு வாக்களித்தபடி வகுப்பறைக்கு வருகிறேன். ஆண்டு 4 அறிவியலில் ஒளி நேர்க்கோட்டில் செல்லும், எதிரொளிக்கும் என்று கைவிளக்கை வைத்துக் காட்டுகிறோம். கடந்த ஆண்டு நான் தொலையியக்கியை வைத்துக் காட்டினேன். பெறுவியோடு ஒரு சிறு விளக்கை இணைத்து மேசையில் வைத்தேன். நடுவில் புத்தகத்தைப் பிடித்தால் எரியவில்லை. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால், மூலையைச் சுற்றிப் போய் எரிந்தது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பியும் எரிந்தது. பின்வரிசையில் எப்போதும் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து, “டீச்சர், மெல்லிசு தாள வெச்சா?” என்று கேட்டான். வைத்துப் பார்த்தோம். ஒரு தாள் வரை எரிந்தது. தாளை அடுக்க அடுக்க நின்றுபோயிற்று. எத்தனையாவது தாளில் நிற்கும் என்று வகுப்பே பந்தயம் கட்டியது. பாடவேளை முடிந்தும் யாரும் நகரவில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மூத்த மாணவர்களுக்கு அம்மாவின் 1, 4 கதையைச் சொல்லிப் பாய்வுப்படம் வரையச் சொன்னேன். ஒரே பொத்தானில் இரு வேலை என்றால் முடிவுக் கட்டம் ஒன்று வேண்டும்; இரு பொத்தான் என்றால் அது வேண்டாம். இதை ஒரு மாணவி தானே கண்டுபிடித்துச் சொன்னாள். அன்று மாலை அம்மாவிடம் அதைச் சொன்னபோது, “அந்தப் புள்ள பேரு என்ன?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இவ்வேற்பாடு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா அதன் பிறகு இருட்டில் எழவில்லை. வந்த முதல் வாரத்தில், இரவு ஒன்பதரைக்கு மணி ஒலித்தது. கையிலிருந்த சிவப்புப் பேனாவோடு ஓடினேன். அம்மா கட்டிலில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. ஷிப்டு தொடங்குறதுக்கு முன்ன ஒரு தடவ எல்லாத்தையும் சோதிச்சிப் பாக்கணும்ல” என்றார். “போ, போயி உன் வேலையப் பாரு.”

இன்றும் ஒவ்வோர் இரவும் ஒன்பதரைக்கு மணி ஒருமுறை ஒலிக்கும். நாங்கள் யாரும் எழுவதில்லை. ஒன்பதே முக்கால் ஆகியும் ஒலிக்காவிட்டால்தான் நான் போய்ப் பார்ப்பேன். சென்ற வாரம் அப்படிப் போனபோது, தொலையியக்கியின் நெகிழிப் பை கிழிந்துவிட்டதென்று அம்மா அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் இரப்பர் வளையத்தை மாட்ட முடியவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வளையத்தை இழுத்து மாட்டினார்.